கறுப்புத் துணி போர்த்திய நாற்காலி

பிரிட்டனின் மேற்குப் பகுதியில் இருக்கிறது, வேல்ஸ். மலையும் மழையும் நிறைந்த நாடு. அதன் வடபகுதியில் டிரவ்ஸ்வனித் என்று ஒரு சிற்றூர். மலைக்கு அப்பால் என்பது அந்தப் பெயரின் பொருள்.

ஆடு வளர்ப்பது அங்கே முக்கியத் தொழில். ஊராரின் தாய்மொழி ஆங்கிலம் அல்ல, வெல்ஷ். கவிதை என்றால் அவர்களுக்கு உயிர். கவிதை எழுதுவது படித்த பெரிய மனிதர்களின் வேலை என்று யாரும் நினைப்பது இல்லை. ஆடு மேய்ப்பவரும் எழுதலாம், பரிசும் வாங்கலாம்.

அப்படி எழுதிய ஓர் இடையரால்தான் இந்த ஊர் உலகுக்குத் தெரிந்தது. அவர் பெயர் எல்லிஸ் ஹம்ப்ரி ஈவான்ஸ்.

1887-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி பிறந்தார். வீட்டில் 11 குழந்தைகள். எல்லிஸ்தான் மூத்தவர். 14 வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பிறகு, அப்பாவின் பண்ணையில் ஆடு மேய்த்தார். அஸ்கூர்ன் என்பது அந்தப் பண்ணையின் பெயர்.

மலைச் சரிவில் ஆடுகள் மேயும். எல்லிஸ் மனதுக்குள் அடிகளைக் கோத்துக்கொண்டு இருப்பார். வெல்ஷ் கவிதைக்கு இலக்கணம் கடுமை. எதுகையும் மோனையும் பிசகக் கூடாது. அந்த வித்தையை ஓர் ஏழை இளைஞர் கற்றுத் தேர்ந்தார். இடையில் ஒருமுறை தெற்கே போய் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஊர் நினைப்பு விடவில்லை. சில மாதங்களிலேயே திரும்பிவிட்டார்!

நாற்காலிதான் பரிசு

வேல்ஸ் நாட்டில் ஐஸ்டெத்வோட் என்று ஒரு திருவிழா உண்டு. பாட்டும் கவிதையும்தான் அங்கே விசேஷம். இலக்கணக் கவிதையில் முதல் இடம் பெறுகிறவருக்கு என்ன பரிசு தெரியுமா? அழகாகச் செதுக்கிய ஒரு நாற்காலி! சிறு ஊர்களிலும் இந்த விழா நடக்கும். தேசிய விழாவின் நாற்காலிக்குத்தான் மதிப்பு அதிகம்.

1907-ல் பாலா என்ற ஊரில் எல்லிஸ் முதல் நாற்காலியை வென்றார். 1910-ல் அவருக்கு ஹெத் வின் என்ற புலவர் பெயர் கிடைத்தது. தூய அமைதி என்று பொருள். அந்தப் பெயரே நிலைத்தது. 1916 தேசிய விழாவில் இரண்டாம் இடம்தான். அடுத்த ஆண்டு வென்றே தீருவது என்று உறுதி கொண்டார்.

தம்பிக்குப் பதிலாக...

அப்போது முதல் உலக யுத்தம். பண்ணையிலிருந்து ஒரு பிள்ளை பட்டாளத்துக்கு வரவேண்டும் என்று சர்க்கார் உத்தரவு. தம்பி போக வேண்டாம் என்று, அண்ணன் தானே போனார். சண்டையில் அவருக்கு விருப்பமே கிடையாது.

1917-ல் உழவு வேலைக்காக 7 வாரம் லீவு கொடுத்தார்கள். பகலில் உழவு, இரவில் கவிதை. கவிதையின் தலைப்பு "வீரன்". பிறகு பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கவிதையை முடித்து, புனைபெயர் போட்டு, தபாலில் போட்டிக்கு அனுப்பினார்.

ஜூலை 31-ந் தேதி பெல்ஜியத்தில் பெரும் போர் தொடங்கியது. முதல் நாளே குண்டு பட்டு ஹெத் வின் இறந்தார். வயது 30. அதே நாளில் அதே போரில் அயர்லாந்துக் கவிஞர் பிரான்சிஸ் லெட்விட்ஜும் மாண்டார். இருவருக்கும் ஒரே இடுகாடு.

எழுந்திருக்க ஆள் இல்லை

செப்டம்பர் 6-ந் தேதி. இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் நகரில் தேசிய விழா. பிரதமர் லாய்ட் ஜார்ஜும் வந்திருந்தார். அவரும் வேல்ஸ் கிராமத்தில் வளர்ந்தவர்தான்.

வென்றவரின் புனைபெயரைச் சொல்லி அழைத்தார்கள். கூட்டத்தில் அவர் எழுந்து நிற்கவேண்டும். எக்காளம் முழங்கியது. யாரும் எழவில்லை. மறுபடியும் முழங்கியது. மூன்றாம் முறையும் எழவில்லை. வென்றவர் போரில் இறந்துவிட்டார் என்று அறிவித்தார்கள். காலி நாற்காலி மீது கறுப்புத் துணியைப் போர்த்தினார்கள். கூட்டம் கண்ணீர் விட்டது.

அந்த நாற்காலியைச் செதுக்கியவர் பெல்ஜியத்திலிருந்து அகதியாக ஓடிவந்த தச்சர். அவர் இழந்த மண்ணில்தான் ஹெத் வின் உயிர் விட்டிருந்தார்.

நாற்காலி அஸ்கூர்ன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறு ஆண்டு அவருடைய கவிதைகள் புத்தகமாக வெளிவந்தன. 1923-ல் ஊர் நடுவே சிலை வைத்தார்கள். திறந்து வைத்தவர், பெற்ற தாய். சிலையில் துப்பாக்கி இல்லை. பட்டாள உடுப்பும் இல்லை. இடையராகவே நிற்கிறார்.

நாற்காலியைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வருகிறவர்களுக்குக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பது அந்தத் தாயின் ஆசை. பேரன் வாக்குக் கொடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல், பல ஆண்டுகள் அந்தப் பண்ணையிலேயே இருந்து, வந்தவர்களுக்கு எல்லாம் வீட்டைக் காட்டினார். 2012-ல் ஸ்னோடோனியா தேசியப் பூங்கா நிர்வாகம் வீட்டை வாங்கியது. பழுது பார்த்த பிறகு, 2017-ல் அதே கதவு மீண்டும் திறந்தது.