நான்கு அங்குலம்

1947ஆம் ஆண்டின் பிற்பகுதி. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபர்டு நகரை அடுத்த கௌலியில் இருந்த மோரிஸ் தொழிற்சாலையில், புத்தம் புதிய மாதிரி மகிழுந்து ஒன்று நீளவாக்கில் இரண்டாக அறுக்கப்பட்டது. அறுக்கச் சொன்னவர் அதை வடிவமைத்த பொறியாளரேதான். விற்பனைக்கு வர ஓராண்டே இருந்த நிலையில், வண்டி குறுகலாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது. பணியாளர்கள் இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கினர். இடைவெளி நான்கு அங்குலம் ஆனதும் அவர் நிறுத்தச் சொன்னார். அவர்தான் அலெக் இசிகோனிஸ்.

இசிகோனிஸ் 1906ஆம் ஆண்டு, இன்று துருக்கியில் இஸ்மிர் என வழங்கும் ஸ்மிர்னா துறைமுக நகரில் பிறந்தார். தந்தை கிரேக்க வம்சாவளியினர். பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். 1922இல் போர் அந்நகரை எட்டியபோது, குடும்பத்தினர் பிரிட்டிஷ் கப்பலில் மால்டாவுக்குச் சென்றனர். அங்கே தந்தை காலமானார். அடுத்த ஆண்டு பதினாறு வயது மகனும் தாயும் இங்கிலாந்தில் குடியேறினர்.

லண்டனில் பொறியியல் படித்த இசிகோனிஸ், கணிதத் தேர்வில் மூன்று முறை தோல்வியுற்றார். ஆனால், வரைபடம் வரைவதில் அவருடைய கை தேர்ந்திருந்தது. மேலும், அவர் ஆஸ்டின் செவன் என்ற சிறிய வண்டியைப் பந்தயங்களில் ஓட்டி வந்தார். வேகத்தைக் கூட்டுவதைவிட, வளைவில் வண்டி ஓட்டுநரின் கைக்கு அடங்கி நடப்பதே கடினம் என்பதை அந்த அனுபவம் அவருக்குக் காட்டியது. பிறகு, நண்பர் ஜார்ஜ் டவ்சனுடன் சேர்ந்து, எடை குறைந்த பந்தய வண்டி ஒன்றைக் கைக்கருவிகளைக் கொண்டே உருவாக்கினார். எஃகு வில்களுக்குப் பதிலாக அதில் ரப்பரைப் பயன்படுத்தினார். அதைச் செய்து முடிக்கப் பல ஆண்டுகள் பிடித்தன.

அந்தப் பாடங்கள் மோரிஸ் மைனரில் பயன்பட்டன. அதன் முன்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே மேலும் கீழும் அசைந்தன. ஒரு சக்கரம் குழியில் இறங்கினாலும் மற்றது தன் நிலை மாறாமல் சாலையைப் பற்றிக்கொண்டது. நான்கு அங்குலம் கூடியதால் வண்டி வளைவில் இன்னும் உறுதியாக நின்றது. ஆனால், அதற்குள் தடுப்புக் கம்பிகள் பல செய்யப்பட்டிருந்தன. அவற்றை வீணாக்காமல், நடுவே வெட்டித் துண்டு வைத்து இணைத்தார்கள். நிறுவனத் தலைவர் நஃபீல்டு பிரபுவுக்கோ வண்டியைப் பிடிக்கவே இல்லை. முட்டையோடு ஒப்பிட்டுக் கேலி செய்தார். 1948இல் விற்பனைக்கு வந்த அந்த வண்டிதான், பின்னாளில் ஒரு மில்லியனுக்கும் மேல் தயாரிக்கப்பட்ட முதல் பிரிட்டிஷ் மகிழுந்தாயிற்று.

இசிகோனிஸ் பிடிவாதக்காரர். மகிழுந்தில் வானொலி எதற்கு என்று கேட்கும் இயல்புடையவர். 1959இல் அவர் வடிவமைத்த மினி, பத்தடி நீளமே உடையது. சக்கரங்கள் நான்கும் நான்கு மூலைகளில் இருந்தன. அது மான்டி கார்லோ பந்தயத்தில் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1969இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1988இல் அவர் மறைந்தார்.

மலாயா, சிங்கப்பூர்ச் சாலைகளிலும் மோரிஸ் மைனர்கள் ஓடின. அவற்றை இன்றும் பேணிக் காப்பவர்கள் இருக்கிறார்கள். வயதான வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலோ, முன்டயரின் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ, அதைப் பட்டறைக்குக் கொண்டு செல்வார்கள். மெக்கானிக் முதலில் டயர்க் காற்றையும் தேய்ந்த இணைப்புகளையும் பார்ப்பார். பிறகுதான் வீல் அலைன்மென்ட். மைனரின் முன்சக்கரங்கள் முன்புறத்தில் மிகச் சிறிதளவு உள்நோக்கியிருக்க வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம், பின்விளிம்பில் இருப்பதைவிட முன்விளிம்பில் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருந்தால் போதும். அது மிகுந்தால் டயரின் வெளியோரம் தேயும். ஸ்டீயரிங்கோடு சக்கரங்களை இணைக்கும் தண்டுகளின் பூட்டுமரைகளைத் தளர்த்தி, இருபுறமும் ஒரே அளவு திருப்புவார்; அளப்பார்; மீண்டும் திருப்புவார். மரைகளை இறுக்கியபின், நேரான சாலையில் வண்டியை ஓட்டி, ஸ்டீயரிங்கின் மீது கையை லேசாக வைத்துப் பார்ப்பார்.