எந்திரம் யாருடைய உடைமை? அம்பேத்கரின் பொருளியல் வாழ்வு

சாதி ஒழிப்புப் போராளியாகவும் அரசமைப்புச் சட்டச் சிற்பியாகவும் போற்றப்படும் அண்ணல் அம்பேத்கர், கல்வியால் பொருளியலாளர். 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்து, கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்றவர். இந்தியாவின் சிறுநில உடைமை குறித்து 1918இல் எழுதிய கட்டுரையிலேயே, நிலத்தில் தேங்கிக் கிடக்கும் மிகை உழைப்புக்குத் தொழில்மயமே தீர்வென வாதிட்டார்.

எனினும், ஆலை வந்தால் சாதி தானாக அழியும் என்று அவர் நம்பவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பிரிவு தீண்டப்படாதோருக்கு அடைபட்டிருந்தது. நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டியிருந்ததால் அங்கே தீட்டு குறுக்கே நின்றது. 1928 வேலைநிறுத்தத்தின்போது இக்கொடுமையைத் தொழிற்சங்கத் தலைவர்கள்முன் எழுப்பினார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938இல் மன்மாட்டில் கூடிய ரயில்வே தொழிலாளர்களிடம், பார்ப்பனியமும் முதலாளியமும் அவர்களின் இரு பகைகள் என்று விளக்கினார்.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளமிட்டார். 1945இல் வெளியான நூலில் காந்தியப் பொருளியலை மறுத்தார். எந்திரமே உழைப்பவருக்கு ஓய்வையும் ஓய்வின்வழிப் பண்பாட்டையும் தரும். கேடு எந்திரத்தில் இல்லை, தனியுடைமையைப் புனிதமாக்கிய சமூக அமைப்பில்தான் உள்ளது என்பது அவர் நிலைப்பாடு.

1947இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அவர் அளித்த ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கை இச்சிந்தனையின் உச்சம். அடிப்படைத் தொழில்களும் காப்பீடும் வேளாண்மையும் அரசுடைமையாக வேண்டும். நிலத்தைச் சாதி வேறுபாடின்றிக் கூட்டுப்பண்ணைகளாக வழங்க வேண்டும். மாறிவரும் பெரும்பான்மைகள் கைவைக்க இயலாதவாறு இவை அரசமைப்பிலேயே இடம்பெற வேண்டும் என்றார். அது ஏற்கப்படவில்லை. பொருளியல் நீதி, நீதிமன்றம் நிறைவேற்ற இயலாத வழிகாட்டு நெறிகளாகச் சுருங்கியது. 1949 நவம்பர் 25 அன்று அவர் விடுத்த எச்சரிக்கையில் இந்த முரண்பாடே மையமாக இருந்தது. 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

பாதுகாப்பின்றிக் கழிவுநீர்த் தொட்டியில் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்த பின்னும் மரணங்கள் தொடர்கின்றன. அப்பணிக்கான எந்திரம் இருக்கிறது. அதைவிடத் தலித்தின் உயிர் சந்தையில் மலிவாக இருக்கிறது. அண்ணல் எழுப்பிய உடைமைக் கேள்வி இன்னும் விடையின்றியே நிற்கிறது.