சூடான சீப்பைக் கண்டுபிடித்தவர் மேடம் வாக்கரா?

முடியை நேராக்கும் மின்கருவி உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கலாம். அதற்கு முன்னோடி, அடுப்பில் வைத்துச் சூடாக்கும் இரும்புச் சீப்பு. அதைக் கண்டுபிடித்தவர் மேடம் சி. ஜே. வாக்கர்னு சமூக ஊடகத்தில் பார்த்திருப்பீர்கள்.

அது சரியில்லை. 1800களின் இறுதியிலேயே அந்தச் சீப்பு விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அவருடைய உண்மைக் கதை அதைவிடப் பெரியது.

யார் இவர்?

இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867 டிசம்பர் 23ஆம் தேதி அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில், டெல்டா என்ற ஊரின் பருத்தித் தோட்டத்தில் பிறந்தார். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். அந்த வீட்டில் சுதந்திரமாகப் பிறந்த முதல் பிள்ளை சாராதான்.

7 வயதில் தாய் தந்தை இருவரும் இல்லை. 14 வயதில் திருமணம். 20 வயதில் கையில் குழந்தையுடன் கணவரை இழந்தார்.

அண்ணன்கள் முடிதிருத்தும் கடை வைத்திருந்த செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். அங்கே துணி துவைக்கும் வேலை. நாளுக்கு ஒன்றரை டாலர் கிடைத்தால் பெரிய விஷயம்.

முடி ஏன் கொட்டியது?

பலர் தாண்டிப் போகும் இடம் இது. அக்காலத்தில் ஏழைகளின் வீட்டில் குழாய்த் தண்ணீர் கிடையாது. தலைக்குக் குளிப்பதே அபூர்வம். துணி துவைக்கிற காரச் சோப்புதான் தலைக்கும். தலைத்தோலில் புண், பொடுகு. முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. சாராவுக்கும் அதே நிலைமைதான்.

1904 வாக்கில் ஆனி மலோன் என்ற கறுப்பினத் தொழில்முனைவரின் கூந்தல் பொருள்களை விற்கும் முகவராகச் சேர்ந்தார். 1905இல் டென்வர் நகருக்கு இடம் மாறினார். அடுத்த ஆண்டு சார்ல்ஸ் ஜோசப் வாக்கரை மணந்தார். பிறகு சொந்தத் தயாரிப்பு, 'மேடம்' என்ற அடைமொழியுடன்.

மருந்தின் கலவை கனவில் கிடைத்தது என்று சொல்லிவந்தார் வாக்கர். மலோன் அதை ஏற்கவில்லை. போலிகளிடம் ஏமாற வேண்டாம் என்று விளம்பரம் கொடுத்தார். உண்மையில் கந்தகமும் பெட்ரோலியம் ஜெல்லியும் சேர்ந்த அந்த மருந்து இருவருக்கும் முன்பே புழக்கத்தில் இருந்ததுதான்.

வீட்டிலேயே எப்படிச் செய்தார்கள்?

முதலில் தலையை நன்றாக அலசுவது. தலைத்தோலில் களிம்பைத் தேய்ப்பது. காய்ந்த முடிக்கு எண்ணெய்ப் பசை தடவி, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, சூடான சீப்பால் மெதுவாக வாருவது. பல் அகலமான சீப்பு என்பதால் அடர்ந்த சுருள்முடியிலும் நுழையும்.

சூடு முடியின் உள்ளே இருக்கும் பலவீனமான பிணைப்புகளை மட்டும் தற்காலிகமாகத் தளர்த்தும். ஈரம் பட்டால் சுருள் திரும்பிவிடும். நம்ம ஊர் ஈரக்காற்றில் ஸ்ட்ரெய்ட்னர் போட்டவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்! தோலை அரிக்கும் காரக் கலவைகளோடு ஒப்பிட்டால் இது மென்மையான வழி. அதற்காக ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. சீப்பு அதிகம் சூடானால் முடி கருகும், காது சுடும்.

வெள்ளையர் போலத் தோன்ற ஆசை காட்டுகிறார் என்று அவரைச் சாடியவர்கள் உண்டு. முடியை நேராக்குபவர் என்று தம்மை அழைப்பதை அவர் விரும்பவில்லை. தலைத்தோலும் முடியும் நலமாக வளர்வதே தமது நோக்கம் என்றார். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. புண்ணுக்கு மருந்து கொடுத்தவரும் அவர்தான், சூடான சீப்பைப் பரப்பியவரும் அவர்தான்.

சீப்போடு நிற்கவில்லை

1910இல் இண்டியானாபொலிஸ் நகரில் தலைமையகம் அமைத்தார். பிறகு தொழிற்சாலை. ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் முகவர்களாகப் பயிற்சி பெற்றார்கள். வேறொருவர் வீட்டில் துவைத்து, சமைத்துப் பிழைத்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு வருமானம்.

1912இல் கறுப்பின வணிகர் மாநாட்டில் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் அவருக்குப் பேச வாய்ப்பு தரவில்லை. கடைசி நாளில் தானாகவே எழுந்து, பருத்திக் காட்டிலிருந்து தொழிற்சாலை வரை வந்த பாதையைச் சொல்லி முடித்தார். மறு ஆண்டு அதே மாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளர்!

1917இல் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் கறுப்பினத்தவர் கொல்லப்பட்டபோது, கும்பல் கொலைக்கு எதிராகச் சட்டம் கேட்டு வெள்ளை மாளிகைக்குப் போன குழுவில் அவரும் இருந்தார். அதிபர் வில்சன் அவர்களைச் சந்திக்கவில்லை.

1919 மே 25ஆம் தேதி, சிறுநீரகம் செயலிழந்து, 51 வயதில் காலமானார். சொந்த உழைப்பில் கோடீஸ்வரரான முதல் அமெரிக்கப் பெண் என்கிறது கின்னஸ். மறைந்தபோது அவர் சொத்தின் மதிப்பு சுமார் 600,000 டாலர் என்று கணக்கிடப்பட்டது. நிறுவனம் மகள் அலேலியாவுக்குப் போனது. வருங்கால நிகர லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அறப்பணிகளுக்கு என்று உயிலில் எழுதி வைத்திருந்தார்.