சர்க்கரையின் வழித்தடம் கண்ட கெர்ட்டி கோரி அம்மையார்

சர்க்கரை நோயைப் பற்றிப் பேசாத வீடு இன்று நம்மிடையே குறைவு. தாத்தா காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்கிறார். பாட்டி மாதந்தோறும் இரத்தப் பரிசோதனைக்குப் போய் வருகிறார். ஆனால் நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறிய பின் உடலுக்குள் எங்கே போகிறது, எங்கே தங்குகிறது, எப்படி மீண்டும் இரத்தத்திற்கு வருகிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? அந்த வழித்தடத்தைத் தேடுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பெண்மணியை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம். மருத்துவத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண்மணியான கெர்ட்டி கோரி அம்மையாரே அவர்.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், நாம் மரியன்னையின் விண்ணேற்பு விழாவைக் கொண்டாடும் அதே நாளில், கெர்ட்டி பிறந்தார். அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த பிராக் நகரமே அவருடைய ஊர். யூதக் குடும்பம், மூன்று பெண்மக்களுள் இவரே மூத்தவர். தந்தை ஒட்டோ ராட்னிட்ஸ் வேதியியல் கற்றவர். பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளை நிர்வகித்தவர். சர்க்கரை ஆலைக்காரரின் மகள் பின்னாளில் உடலுக்குள் நடக்கும் சர்க்கரை ஆலையை ஆராயப் போகிறார் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்!

பத்து வயது வரை வீட்டிலேயே பாடம் கற்ற கெர்ட்டி, பிறகு பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். அக்காலத்துப் பெண்கள் பள்ளிகள் நற்குடும்பத்துப் பெண்ணுக்கு வேண்டிய நயமான கல்வியைத் தந்தன. பல்கலைக்கழகத்தின் வாசலைத் திறக்கும் கல்வியைத் தரவில்லை. குழந்தை மருத்துவப் பேராசிரியராயிருந்த மாமா ஊக்கமூட்ட, கெர்ட்டி மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். நுழைவுத் தேர்வுக்கு வேண்டிய இலத்தீனும் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் அவருக்குப் போதிய அளவில் கற்பிக்கப்படவே இல்லை. மாணவர்கள் பல ஆண்டுகளில் பயிலும் அப்பாடங்களை ஏறக்குறைய ஓராண்டிலேயே கற்றுத் தேர்ந்து, 1914-இல் பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவியானார். அப்போது அவருக்கு வயது 18.

அங்குதான் உடன் பயின்ற கார்ல் கோரியைச் சந்தித்தார். இருவருக்கும் மலையேற்றத்தில் விருப்பம். ஆராய்ச்சியில் அதைவிட விருப்பம். 1920-இல் இருவரும் மருத்துவப் பட்டம் பெற்றனர். கெர்ட்டி கத்தோலிக்கத் திருமறையைத் தழுவி, அதே ஆண்டில் கார்லை மணந்தார்.

வியன்னா நகரின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் கெர்ட்டிக்கு வேலை கிடைத்தது. தைராய்டு சுரப்பி சரிவர இயங்காத குழந்தைகளைப் பற்றிய ஆய்வு அங்கே நடந்தது. முதல் உலகப் போர் முடிந்து ஊரெங்கும் உணவுப் பஞ்சம் நிலவிய காலம் அது. சத்தில்லாத உணவால், வைட்டமின் ஏ குறைவினால் வரும் கண் நோய் கெர்ட்டியையே தாக்கியது. பெற்றோரிடம் திரும்பி நல்ல உணவு உண்ட பிறகுதான் கண் தேறியது. உணவுக்கும் உடல்நலத்திற்கும் உள்ள உறவை அவர் தம் உடலிலேயே கற்றார் என்று சொல்லலாம்.

1922-இல் கோரி தம்பதியர் அமெரிக்காவின் பஃபலோ நகருக்குக் குடிபெயர்ந்தனர். கனடா நாட்டு அறிஞர்கள் இன்சுலினைக் கண்டறிந்து, சாவின் விளிம்பில் இருந்த சர்க்கரை நோய்க் குழந்தைகளைப் பிழைக்க வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. இன்சுலின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்பது தெரிந்தது. அந்தச் சர்க்கரை எங்கே போகிறது என்பது தெளிவாகவில்லை. கோரி தம்பதியர் இக்கேள்வியைப் பற்றிக்கொண்டனர்.

அவர்கள் கண்டதை எளிதாகச் சொல்ல முயல்வோம். அறுவடையில் மிஞ்சிய நெல்லை நம் முன்னோர் குதிரில் கொட்டி வைத்ததுபோல, உடலும் மிஞ்சிய சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் பொருளாக்கிக் கல்லீரலிலும் தசைகளிலும் சேர்த்து வைக்கிறது. விளையாட்டு விழாவில் நாம் ஓடும்போது தசையிலுள்ள கிளைக்கோஜன் விரைந்து கரைகிறது. அதில் ஒரு பகுதி லாக்டிக் அமிலமாகி, இரத்தத்தின் வழியே கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதை மீண்டும் சர்க்கரையாக்கித் தசைக்கே அனுப்புகிறது. 1929-இல் அவர்கள் விளக்கிய இந்தச் சுழற்சி, இன்றும் பாடநூல்களில் கோரி சுழற்சி என்ற பெயராலேயே வழங்குகிறது.

இத்தனை திறமையிருந்தும் அவருக்கு உரிய இடம் எளிதில் கிடைக்கவில்லை. கணவரோடு சேர்ந்து ஆய்வு செய்வதை நிறுத்தாவிட்டால் வேலை போகும் என்ற மிரட்டல் வந்தது. மனைவியோடு இணைந்து பணியாற்றுவதைக் கைவிட்டால் வேலை தருவதாகக் கார்லுக்கும் ஓரிடத்தில் நிபந்தனை விதித்தார்கள், அவர் மறுத்துவிட்டார். 1931-இல் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் இருவருக்கும் இடமளித்தது. ஆனால் கார்ல் துறைத் தலைவர். கெர்ட்டி மிகச் சிறிய ஊதியத்தில் ஆய்வுத் துணைவர். அவர் முழுப் பேராசிரியரானது 1947-இல்தான். அந்தப் பதினாறு ஆண்டுகளும் அவர் ஆய்வு மேசையைவிட்டு விலகவில்லை. 1936-இல் கடும் வெயிற்காலத்தில், மகன் பிறப்பதற்குச் சற்று முன்புவரை ஆய்வகத்தில் பணியாற்றினார். அதே ஆண்டில் கிளைக்கோஜன் உடையும்போது முதலில் தோன்றும் பொருளை இருவரும் கண்டனர்; அதற்குக் கோரி எஸ்டர் என்ற பெயர் அமைந்தது. பிறகு அதை உடைக்கும் நொதியையும் கண்டனர். 1939-இல் கிளைக்கோஜனைச் சோதனைக் குழாயிலேயே உருவாக்கிக் காட்டினர்.

1947-ஆம் ஆண்டு பெருமகிழ்ச்சியையும் பெருந்துயரையும் ஒருங்கே கொண்டு வந்தது. அக்கோடையில் மலையேறச் சென்ற கெர்ட்டி மயங்கி விழுந்தார். எலும்பு மச்சை இரத்த அணுக்களை ஆக்க இயலாமல் போகும் கொடிய நோய் அது, மருந்தில்லை. அவ்வாண்டே கோரி தம்பதியருக்கும், பிட்யூட்டரி சுரப்பியை ஆராய்ந்த அர்ஜென்டினா நாட்டு பெர்னார்டோ உசேய்க்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பரிசும் வந்துவிட்டது, நோயும் வந்துவிட்டது. இனி ஓய்வெடுப்போம் என்று அவர் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ மீண்டும் குழந்தைகளிடம் திரும்பினார். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே வயிறு பருத்துக் கல்லீரல் வீங்கியிருக்கும். சாப்பிட்டுச் சில மணி நேரமானால் இரத்தச் சர்க்கரை அபாய நிலைக்கு இறங்கிவிடும். ஜெர்மன் மருத்துவர் வான் கீர்க்கே 1929-இல் இந்நோயை விவரித்திருந்தார், காரணம் விளங்கவில்லை. 1952-இல் கோரி தம்பதியர் காரணத்தைக் காட்டினர். குதிர் நிறைய நெல் இருக்கிறது. ஆனால் அதைத் திறக்கும் சாவி இல்லை. கல்லீரலில் இருக்க வேண்டிய ஒரு நொதி அக்குழந்தைகளிடம் இல்லை. பிறவி நோய் ஒன்றுக்குத் தனியொரு நொதியின் குறையே காரணம் என்று காட்டிய முதற்சில ஆய்வுகளுள் இதுவும் ஒன்று. இவ்வகை நோய்களை நான்காகப் பிரித்து விளக்கியவரும் கெர்ட்டியே; அவற்றுள் ஒன்று கோரி நோய் என்றே அழைக்கப்படுகிறது.

காரணம் தெரிந்ததால் பரிகாரத்திற்கு வழி பிறந்தது. 1980-களில், மெல்லச் செரிக்கும் சமைக்காத மக்காச்சோள மாவைக் குறித்த நேரத்தில் கொடுத்து இக்குழந்தைகளின் இரத்தச் சர்க்கரையைக் காக்க மருத்துவர்கள் கற்றனர். அதைக் காண அம்மையார் உயிரோடில்லை.

பத்து ஆண்டுகள் பிறர் தந்த இரத்தத்தால் உயிர் வாழ்ந்து, களைத்தபோது ஆய்வகத்திலேயே ஒரு கட்டிலில் சாய்ந்து, தேறியதும் எழுந்து பணியாற்றியவர், 1957 அக்டோபர் 26-ஆம் நாள் 61-ஆம் வயதில் கண் மூடினார். அவர்களுடைய ஆய்வகத்தில் பணியாற்றியவர்களுள் அறுவர் நோபல் பரிசு பெற்றனர் என்பது அவர்கள் விட்டுச் சென்ற செல்வம்.

அன்புத் தோழியரே, கணிதம் நமக்கு வராது, அறிவியல் நமக்கு எட்டாது என்று நாம் சோர்வதுண்டு. பள்ளி கற்றுத் தராத பாடங்களைக் கற்று வாசலைத் திறந்த ஒரு பெண்ணின் கதை இது. பெரிய பதவி கிடைத்தால்தான் பணி செய்வேன் என்று அவர் காத்திருக்கவில்லை. சிறிய மேசையில் பெரிய பணி செய்தார். பெற்றோரும் தம் பெண்மக்களின் ஆசைக்கு அந்த மாமாவைப் போல் ஒரு சொல் ஊக்கமளித்தால், யாருக்கோ பிறக்கும் ஒரு நோயுற்ற குழந்தைக்கு அது என்றேனும் வாழ்வாக மாறும். இறைவன் நம் கையில் ஒப்படைத்த தாலந்தைப் புதைத்து வைக்காமல் பெருக்கிக் காட்டும் மன உறுதியை அவரிடமே வேண்டுவோம்.