இருமுறை தண்ணீரில் இறங்கிய மீனவர்



ஆண்டுதோறும் ஜூன் 29ஆம் நாள் திருத்தூதர்களான தூய பேதுரு, தூய பவுல் பெருவிழாவைத் திருச்சபை கொண்டாடுகிறது. கடற்கரைப் பங்குகளில் இந்த நாளுக்குத் தனிச் சிறப்பு உண்டு. பேதுருவை நம் மீனவ மக்கள் முதல் திருத்தந்தையாக மட்டும் பார்ப்பதில்லை, தங்கள் தொழில்காரராகவும் பார்க்கிறார்கள். கையில் திறவுகோலோடு பீடத்தில் நிற்கும் அவருக்கு ஒரு காலத்தில் வலை இழுத்துக் காய்த்துப்போன கைகள் இருந்தன என்பதை அவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அந்த மீனவர் தம் வாழ்வில் இருமுறை படகை விட்டுத் தண்ணீரில் இறங்கியதை நற்செய்தி நமக்குச் சொல்கிறது. அந்த இரு நிகழ்வுகளின் வழியாக அவரது வாழ்வை இன்று சிந்திப்போம்.

ஏரிக்கரைத் தொழிலாளி

பேதுருவின் இயற்பெயர் சீமோன். பெத்சாய்தா அவரது ஊர் என்று யோவான் நற்செய்தி குறிப்பிடுகிறது. பின்னர் அவர் கப்பர்நாகுமில் குடும்பத்தோடு வாழ்ந்தார். காய்ச்சலாய்க் கிடந்த அவருடைய மாமியாரை ஆண்டவர் இயேசு குணமாக்கியது அந்த வீட்டில்தான். சகோதரர் அந்திரேயாவும் மீனவர். செபதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் அவருடைய தொழில் பங்காளிகள்.

அவர்கள் தொழில் செய்த கலிலேயக் கடல், கடல் என்று அழைக்கப்பட்டாலும் ஒரு நன்னீர் ஏரிதான். நீளம் ஏறக்குறைய 21 கி.மீ. அகலம் மிகுந்த இடத்தில் 13 கி.மீ. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 210 மீட்டர் கீழே, மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போலக் கிடக்கிறது. மேட்டு நிலத்துக் காற்று அந்தப் பள்ளத்திற்குள் பாயும்போது, அமைதியாய் இருந்த நீர் சிறிது நேரத்திலேயே கொந்தளிக்கத் தொடங்கிவிடும். அங்கே பழகிய மீனவருக்குக்கூட அது முன்னறிவிப்பு தருவதில்லை.

அவர்களுடைய படகு எப்படி இருந்திருக்கும்? 1986ஆம் ஆண்டு கடும் வறட்சியில் ஏரியின் நீர் வற்றியபோது, கினோசார் என்னும் இடத்துக்கு அருகே சேற்றில் புதைந்த ஒரு பழைய மரப்படகு கண்டெடுக்கப்பட்டது. ஆண்டவர் இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டியது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். நீளம் ஏறக்குறைய 8 மீட்டர், அகலம் 2.3 மீட்டர், உயரம் 1.25 மீட்டர். பலவகை மரத்துண்டுகளை ஒட்டுப்போட்டு, பழுது பார்த்துப் பார்த்து ஓட்டிய படகு அது. அது பேதுருவின் படகு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய படகும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். வலையும் மீனும் ஆட்களும் ஏறிவிட்டால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே எவ்வளவு தூரம் மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள்.

அக்காலத்து மீனவர்கள் பெரும்பாலும் இரவில்தான் வலை போட்டார்கள். அப்படி ஓர் இரவு முழுவதும் பாடுபட்டும் ஒன்றும் கிடைக்காமல், காலையில் கரையில் வலை அலசிக்கொண்டிருந்த சீமோனிடம் ஆண்டவர் படகை இரவல் கேட்டார் (லூக் 5:1-11). பின்பு ஆழத்திற்குப் போய் வலை வீசச் சொன்னார். இரு படகுகளும் மூழ்கும் அளவுக்கு மீன் கிடைத்தது. சீமோன் மகிழ்ச்சியில் துள்ளவில்லை. தம் பாவத்தை உணர்ந்து ஆண்டவரின் காலில் விழுந்தார். அன்றே எல்லாவற்றையும் விட்டு அவரைப் பின்தொடர்ந்தார்.

முதல்முறை: மூழ்கியவர்

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நாளின் இரவில் சீடர்கள் மட்டும் படகில் சென்றார்கள். எதிர்க்காற்று. ஏறக்குறைய ஐந்து கிலோ மீட்டர் தண்டு வலித்திருந்தார்கள். விடியலுக்கு முந்திய நான்காம் காவல் வேளையில் ஆண்டவர் கடல்மீது நடந்து வந்தார் (மத் 14:22-33). பேதுரு அனுமதி கேட்டுப் படகிலிருந்து இறங்கி அவரை நோக்கி நடந்தார். காற்றைக் கண்டு அஞ்சியதும் மூழ்கத் தொடங்கினார்.

இந்தப் பகுதியை மறையுரையில் விளக்கும்போது, நாம் வழக்கமாக அவருடைய நம்பிக்கைக் குறைவைத்தான் பேசுகிறோம். ஒரு மீனவரின் கண்ணோடு இதைப் பார்ப்போமா? பேதுரு பிறந்தது முதல் தண்ணீரோடு பழகியவர். அந்த ஏரி அவருக்குப் புதிதல்ல. ஆனாலும் இருட்டில், காற்றில், அலையில், அவருடைய பழக்கமும் அனுபவமும் அவரைக் காப்பாற்றவில்லை. அவர் செய்தது ஒன்றே ஒன்று. வெட்கப்படாமல் கூப்பிட்டார்.

ஆண்டவர் செய்ததன் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் கையை நீட்டிப் பிடித்தார். பிறகுதான் ஏன் ஐயம் கொண்டாய் என்று கேட்டார். பிடித்த பின்பும் தண்ணீர்மேல் இன்னும் நடந்து காட்டச் சொல்லவில்லை. இருவரும் படகில் ஏறினார்கள். காற்று அடங்கியது. கை முதலில், கேள்வி பிறகு, அதன்பின் படகு. இதுவே ஆண்டவரின் வரிசை.

நம்முடைய வரிசை பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. படகிலிருந்து ஒருவர் தவறி விழுந்து காணாமல் போனார் என்ற செய்தி கரைக்கு வந்ததும், தேடப் படகுகள் புறப்படும் முன்பே கேள்விகள் புறப்பட்டுவிடுகின்றன. குடித்திருந்தாரா, தூங்கிவிட்டாரா, கவனமில்லாமல் நின்றாரா என்று அந்த வீட்டு வாசலிலேயே பேசுகிறோம். உள்ளே இருக்கும் மனைவியும் பிள்ளைகளும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டாம்முறை: குதித்தவர்

மூழ்கியபோது கூப்பிட்ட அதே பேதுரு, ஆண்டவர் கைது செய்யப்பட்ட இரவில் தலைமைக் குருவின் முற்றத்தில் கரிநெருப்பில் குளிர் காய்ந்துகொண்டே அவரை மும்முறை மறுதலித்தார். சேவல் கூவியது. வெளியே போய் மனம் கசந்து அழுதார். அந்த இரவில் அவர் மூழ்கிய ஆழத்தோடு ஒப்பிட்டால் கலிலேய ஏரியின் ஆழம் பெரிதல்ல.

உயிர்ப்புக்குப் பின் அவர் மீண்டும் மீன்பிடிக்கப் போனார். இன்னும் ஆறு பேர் உடன் சென்றார்கள். அன்றிரவும் ஒன்றும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் கரையில் நின்ற ஒருவர் சொன்ன பக்கத்தில் வலை வீச, 153 பெரிய மீன்கள் கிடைத்தன. அவர் ஆண்டவர் என்று அறிந்ததும், கழற்றி வைத்திருந்த மேலாடையைக் கட்டிக்கொண்டு பேதுரு தண்ணீரில் குதித்தார் (யோவா 21:1-19). கரை ஏறக்குறைய 90 மீட்டர் தூரத்தில் இருந்தது. படகு வந்து சேரும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை.

கரையில் ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்திருந்தார். முற்றத்தில் மறுதலித்தபோது எரிந்ததும் கரிநெருப்பு, மன்னிப்புக் கிடைத்தபோது எரிந்ததும் கரிநெருப்பு. இந்த இரு இடங்களுக்கும் நற்செய்தியாளர் ஒரே கிரேக்கச் சொல்லையே பயன்படுத்துகிறார். இங்கும் வரிசை மாறவில்லை. முதலில் பசித்த தொழிலாளிகளுக்குச் சாப்பாடு. அதன் பிறகுதான் அன்பைப் பற்றிய மூன்று கேள்விகள். மூன்று மறுதலிப்புக்கு மூன்று அன்பு அறிக்கை. தண்ணீரிலிருந்து நனைந்த ஆடையோடு ஏறி வந்தவரிடம்தான் ஆண்டவர் தம் மந்தையை ஒப்படைத்தார்.

உரோமை வரை

அதன்பின் பேதுரு பின்வாங்கவில்லை. பெந்தக்கோஸ்து நாளில் அவர் அறிவித்த நற்செய்தியைக் கேட்டு ஏறக்குறைய மூவாயிரம் பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். எருசலேம் கோவில் வாயிலில் கால் ஊனமுற்ற ஒருவரைக் கைகொடுத்து எழுப்பினார். தண்ணீரில் தமக்கு நீட்டப்பட்ட கையை அப்போது நினைத்திருப்பார் அல்லவா? சிறைப்பட்டார், அடிபட்டார். செசரியாவில் கொர்னேலியு என்னும் உரோமை அதிகாரியின் வீட்டுக்குச் சென்று, பிற இனத்தாருக்கும் திருச்சபையின் கதவைத் திறந்தார். அந்தியோக்கியாவில் அவர் மீண்டும் தயங்கினார். பவுல் அதை முகத்துக்கு முன்பே சுட்டிக்காட்டினார். புனிதர்களும் தடுமாறுகிறார்கள், ஆனால் தடுமாறிய இடத்திலேயே கிடப்பதில்லை.

கி.பி. 64இல் உரோமை நகரம் எரிந்த பின்பு, நீரோ மன்னன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில் அவர் மறைச்சாட்சியாக இறந்தார். தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பது பழைய மரபு. வத்திக்கானில் அவரது கல்லறை இருப்பதாக மதிக்கப்பட்டுவந்த இடத்தின் மேல்தான் தூய பேதுரு பெருங்கோவில் எழுந்தது. திருத்தந்தையர் அணியும் மோதிரம் இன்றும் மீனவர் மோதிரம் என்றே அழைக்கப்படுகிறது.

நாம் என்ன செய்கிறோம்?

மீன்பிடித்தல் உலகிலேயே மிக ஆபத்தான தொழில்களில் ஒன்று. ஆண்டுக்கு 24,000 பேர் இத்தொழிலில் இறப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1999இல் மதிப்பிட்டது. 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த எண்ணிக்கை 1,00,000க்கு மேல் என்கிறது. சிறு படகுகளில் நேரும் சாவுகளில் பல, பெரும்புயலில் நேர்பவை அல்ல. வலை இழுக்கும்போது கால் கயிற்றில் சிக்குகிறது. இரவில் இயற்கை உபாதைக்காக விளிம்பில் நிற்பவர் ஓர் அலையில் தடுமாறுகிறார். தனியே போனவர் விழுந்தால், ஓடும் படகு அவரை விட்டு விலகிப் போய்விடுகிறது. உடன் இருப்பவர் திரும்பிப் பார்க்கும் முன் இருட்டு அவரை மறைத்துவிடுகிறது. விழுந்தவர்களில் பலர் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்.

உடல் கிடைக்காத வீட்டின் துயரம் தனியானது. அழுது முடிக்கவும் முடியாது, காத்திருக்கவும் முடியாது. இறப்புச் சான்றிதழுக்கே அந்தப் பெண் நெடுநாள் அலைய வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்போது, குருக்களாகிய நமக்கு வாயில் வார்த்தை வருவதில்லை.

நம் குறையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் படகுகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறோம். உள்ளே உயிர்காப்பு மிதவை இருக்கிறதா என்று குனிந்து பார்த்ததில்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலில் போகிறோம், எங்களுக்கு எதற்கு என்று இளைஞர்கள் சிரிக்கும்போது, நாமும் உடன் சிரித்திருக்கிறோம். பேதுருவுக்கும் அந்த ஏரி தலைமுறைப் பழக்கம்தான். அவருக்கும் ஒரு கை தேவைப்பட்டது.

மிதவை அணிவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. அது நீட்டப்பட்ட கையைப் பற்றிக்கொள்வது. இன்ஜின் ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்திவிடும் கயிற்றைக் கையில் மாட்டிக்கொள்வதும், தனியே போகாமல் இருவராகப் போவதும், புறப்படும் முன் எந்தப் பக்கம் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவதும் அத்தகையவையே. இந்த ஆண்டு படகு மந்திரிப்பின்போது, ஒவ்வொரு படகின் மிதவைகளையும் வெளியே எடுத்து வைக்கச் சொல்லி, அவற்றையும் சேர்த்து மந்திரிப்போம். இல்லாத படகுக்கு அன்பியங்கள் வழியாக வாங்கிக் கொடுப்போம். காணாமல் போனவரின் வீட்டுக்கு, கேள்விகளோடு அல்ல, சாப்பாட்டோடு போவோம்.

மூழ்கியவரைப் பிடித்துத் தூக்கிய ஆண்டவர், கரையில் நெருப்பு மூட்டிக் காத்திருந்த ஆண்டவர், கடலுக்குப் போகும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் கரை சேர்ப்பாராக. கடலிலேயே தங்கிவிட்டவர்களைத் தம் கரையில் ஏற்றுக்கொள்வாராக. தூய பேதுருவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.