மண்ணுக்குள் பார்த்த மனிதர்: லொராண்ட் எட்வெஷ்

மலைநாட்டில் வாழும் எமக்கு, காலடியில் என்ன இருக்கிறது என்பது வெறும் பாடக் கேள்வியல்ல. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அதே ஆண்டின் இறுதியில் உமா ஓயாச் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அப்போது நான் சிறு பிள்ளை. தோண்டாமலே மண்ணுக்குள் பார்க்க முடியாதா என்ற எண்ணம் எனக்குள் வளர்ந்தது. உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும்போதுதான், அதற்கு வழி கண்ட ஒருவரைப் பற்றி அறிந்தேன்.

லொராண்ட் எட்வெஷ் 1848 ஜூலை 27ஆம் திகதி ஹங்கேரியின் புடா நகரில் பிறந்தார். தந்தை யோசெப் புகழ்பெற்ற எழுத்தாளர். கல்வி அமைச்சராகவும் இருந்தவர். மகன் முதலில் சட்டம் படித்தார். மனம் பௌதிகவியலை நாடவே, ஜெர்மனியின் ஹைடல்பேர்க் சென்று 1870இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். பின்னர் புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பொருள்கள் யாவும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன. அடர்ந்த பாறை இருக்கும் இடத்தில் ஈர்ப்புச் சற்றுக் கூடும். வெற்றிடம் இருந்தால் சற்றுக் குறையும். ஆனால் அந்த வேறுபாடு மிக மிகச் சிறியது. அதை அளக்க எட்வெஷ் முறுக்குத் தராசைச் செம்மைப்படுத்தினார். மெல்லிய கம்பியில் ஒரு கோல் தொங்கும். அதன் ஒரு முனையில் ஒரு நிறை இருக்கும். மறுமுனையில் இன்னொரு நிறை சற்றுத் தாழ்வாகத் தொங்கும். நிலத்தடியில் அடர்த்தி மாறினால் இரண்டும் சமனாக இழுபடாமல் கோல் இம்மியளவு திரும்பும். கம்பியில் இணைத்த கண்ணாடியைத் தொலைநோக்கியால் பார்த்து அத்திருப்பத்தை வாசிப்பார்கள். காற்றும் வெயிலும் படாதபடி கூடாரத்துக்குள் வைத்து, கோல் அசைவு ஓயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரக்காரருக்கு அந்தக் கருவி எதையும் சொல்லாது.

1901இல் அவர் பாலட்டன் ஏரிக்குச் சென்றார். குளிர்காலத்தில் உறைந்த பனி மேசைபோல் மட்டமாக இருந்தது. அருகில் மேடு பள்ளம் இல்லாததால் அளவீடு குழம்பவில்லை. பனியின்மேல் நின்றபடியே, ஏரிக்கு அடியில் பாறை அமைப்பு எவ்வாறு மாறுகிறது என்பதை அவர் கண்டறிந்தார். எண்ணெய் வயலொன்றிலும் 1916இல் இக்கருவி சோதிக்கப்பட்டது. ஈர்ப்பு மாறும் வீதத்தை அளக்கும் அலகு இன்றும் அவர் பெயரையே தாங்குகிறது.

அவர் மலையேறுவதிலும் வல்லவர். அவருடைய மகள்மார் ரோலண்டாவும் இலோனாவும் 1901இல் இத்தாலியின் தொபானா மலையின் செங்குத்தான தென்முகத்தில் வழிகாட்டிகளுடன் முதன்முதலாக ஏறினார்கள். பெண்பிள்ளைகளை வீட்டோடு நிறுத்தாத அந்தத் தந்தையை எனக்கு மிகவும் பிடித்தது.

எட்வெஷ் 1919 ஏப்ரல் 8ஆம் திகதி காலமானார். அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. 2022இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர், குளிரூட்டிய ருபீடியம் அணுக்களின் இரு திரள்களை விழச்செய்து, அவற்றின்மீதான ஈர்ப்பு வேறுபாட்டைக் கொண்டு நிலத்துக்கு ஒரு மீற்றர் அடியிலிருந்த சுரங்கவழியைக் கண்டறிந்தனர். நகரங்களின் கீழ் மறைந்த பழைய சுரங்கங்களையும் குழிகளையும் தேட இம்முறை உதவும்.

கருவி மட்டும் மண்சரிவைத் தடுக்காது. மீரியபெத்தைக்கு ஆபத்து உண்டென்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அந்த லயன்களிலேயே இருந்தார்கள். அளந்தறிவது பாதி வேலை. அறிந்ததை அங்கு வாழ்பவரின் வாசலுக்குக் கொண்டுசேர்த்து, அவர்களுக்குப் பத்திரமான இடம் கொடுப்பது மறுபாதி. அல்லாஹ் படைத்த இப்பூமியை ஆராய்வது எமது கடமை என்று படிக்கிறோம். எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு மாணவியாவது பூமியை அளக்கப் போனால், இந்த இரண்டு பாதிகளையும் அவள் மறக்கக்கூடாது.