ஜி.டி. நாயுடு: கழற்றிப் பார்த்தே மோட்டார் கற்றவர்... இ-சைக்கிள் பிரேக்குக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை, வாழைத் தோட்டங்களுக்கு கோவை மோட்டார் புதுசல்ல. கோவைக்கு அந்தப் பெயர் வரக் காரணமானவர்களில் முக்கியமானவர் ஜி.டி. நாயுடு.

யார் இவர்?

1893-ல் கோவை அருகே கலங்கலில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஒட்டவில்லை. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அசந்துபோனவர், ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மறுபடி பூட்டினார். அதுதான் அவருடைய இன்ஜினீயரிங் படிப்பு.

1920-ல் பொள்ளாச்சி - பழனி இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவின் முதல் மின் மோட்டாரை உருவாக்கினார். பேட்டரியில் ஓடும் குட்டி மோட்டார் வைத்த ஷேவிங் ரேசரும் அவர் படைப்புதான்.

இ-சைக்கிளில் என்ன நடக்கிறது?

கிணற்று மோட்டாருக்கு லைன் கரண்ட் போதும். சக்கரத்துக்குள் இருக்கும் ஹப் மோட்டாருக்கு அது சரிவராது. எந்த நொடியில் எந்தச் சுருளுக்கு எவ்வளவு கரண்ட் என்பதை கன்ட்ரோலர்தான் முடிவு செய்யும். பிரேக் லீவரைப் பிடித்தால், அதிலுள்ள சென்சார் மூலம் மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை உடனே நிறுத்துவதும் அதுதான்.

கியர் இல்லாத ஹப் மோட்டார் என்றால் இன்னொரு வசதியும் உண்டு. இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுற்றும்போது, மோட்டாரே ஜெனரேட்டர் ஆகிவிடும். கன்ட்ரோலர் அந்தக் கரண்ட்டை பேட்டரிக்குத் திருப்பிவிட, வண்டி வேகம் குறையும். கியர் உள்ள ஹப் மோட்டார்கள் பெரும்பாலானவற்றில் இது நடக்காது. உள்ளே இருக்கும் ஃப்ரீவீல், மோட்டாரைத் தனியே விட்டுவிட்டு சக்கரத்தை மட்டும் உருளவிடும்.

போடிமெட்டு, குமுளி மலைப்பாதையில் இறங்குபவர்களுக்கு இந்த வித்தியாசம் உயிர் சமாச்சாரம். பேட்டரி ஃபுல் சார்ஜில் இருந்தால், திரும்பி வரும் கரண்ட்டுக்கு அதில் இடமில்லை. மோட்டார் பிரேக் கைவிட்டுவிடும். டிஸ்க் அல்லது ரிம் பிரேக் நல்ல நிலையில் இருந்தே ஆகவேண்டும்.

விட்டுச்சென்ற பாடம்

1952-ல் சுமார் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் கார் ஒன்றை நாயுடு வடிவமைத்தார். அரசு அனுமதி தராததால் அது சாலைக்கு வரவில்லை. ஆனால், 1945-ல் அவர் கோவையில் தொடங்கிய தொழிற்கல்வி நிறுவனம் நிலைத்துவிட்டது. 1974 ஜனவரி 4-ல் மறைந்தார்.

வாங்கும் பொருளின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவர் விட்டதில்லை. இ-சைக்கிள் வாங்கும்போது நாமும் கலரையும் விலையையும் மட்டும் விசாரித்தால் போதாது. ஹப் மோட்டாரில் கியர் இருக்கிறதா, இறக்கத்தில் கன்ட்ரோலர் என்ன செய்யும் என்றும் கடைக்காரரிடம் கேட்டுவிட வேண்டும்.